வளவுகளின் வகைகள்

—பூனையாம் டீச்சர்! கணக்குப் பேப்பர்ல பூனை!

—எந்தப் பூனை, சங்கரநாராயணன் சார்? முதலில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். சாரல் உள்ளே அடிக்கிறது. நாற்பது பேப்பரும் நனைந்தால் சாயந்தரம் திருநெல்வேலிக்கு நான் எதை அனுப்புவது?

—சாத்தினா எழுத்துத் தெரியாது. இந்தாங்க, இந்த மங்குஸ்தானைக் கட்டு மேல வைங்க. குத்தாலத்துல இருந்து மச்சினன் கொண்டாந்தான். நாலு வச்சா பறக்காது. ஆங், பூனை. இருபத்தேழாம் நம்பர், மூணாம் கேள்வி. கேளுங்க: "சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் பூனை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை." பதினெட்டு வருசமா கணக்குப் பேப்பர் திருத்துதேன் டீச்சர். மாடு வந்திருக்கு, மாட்டைக் கட்டுன கயிறு வந்திருக்கு, ஏணி சாத்துன சுவர் வந்திருக்கு. பூனை இதுதான் மொதத் தடவை.

—மூன்றாம் கேள்வியில் பூனைக்கு என்ன வேலை?

—அதைத்தானே நானும் கேக்கேன். கேள்வி இந்தா இருக்கு, நான் என் கைப்பட எழுதுனது. "வளைவுகளின் வகைகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தருக." பதினஞ்சு மார்க்கு. வட்டம், நீள்வட்டம், திறந்த வளைவு, மூடின வளைவு, தன்னைத்தானே வெட்டிக்கிடுத வளைவு. நாலு எழுதிப் படம் போட்டா முடிஞ்சுது. மத்த முப்பத்தொன்பது பேரும் அப்பிடித்தான் எழுதியிருக்காங்க. இவ மட்டும் வளவைப் பத்தி எழுதியிருக்கா.

—வளவா?

—வீட்டு வளவு டீச்சர். சுத்துச் சுவர், ஒரு வாசல், நடுவுல வானம் பாத்த முத்தம், நாலு குடும்பம், ஒரு கிணறு. அந்த வளவு!

—ஆண்டவரே! கணக்கைக் கேட்டால் வீடா? சிரிக்கக்கூடாது சார், பாவம். ஆனால் சிரிப்பு வருகிறதே.

—சிரிங்க, சிரிங்க. நான் அப்பமே தனியாச் சிரிச்சாச்சு. முழுசா ரெண்டு பக்கம்! கிணத்தைக்கூட விடல்ல.

—எப்படி அப்படிக் காதில் விழும்? கேள்வித்தாள் அச்சடிக்கும் ஸ்டென்சில் ஈரத்தில் கிழிந்துவிட்டது என்றுதான் நேற்று வாயால் சொன்னேன். ஒவ்வொரு கேள்வியும் மூன்று தடவை. சொல் சொல்லாக. கேட்டீர்களா, பாளையங்கோட்டையில் படிக்கும்போது வாசிப்புப் போட்டியில் மூன்று வருஷமும் நான்தான் முதல். "ஞானபாக்கியம் வாசித்தால் எழுத்துக்கள் வரிசையாக நடந்து வரும்" என்று எங்கள் தலைமையாசிரியை சொல்வார்கள்.

—அதனாலதான உங்களைச் சொல்லச் சொன்னேன். நான் சொல்லியிருந்தா பாதிப் பேரு "என்ன சார், என்ன சார்"னு எந்திரிச்சிருப்பா. தப்பு இந்தப் பிள்ளை காதுலதான். அதனால சைபரு. போட்டுட்டு நேர்முகத்தை ஆரம்பிப்போம்.

—சைபர் போட்டால் மொத்தம் எவ்வளவு?

—இருபத்தொன்பது. பாஸுக்கு முப்பத்தஞ்சு. போச்சு.

—மற்றதெல்லாம் எப்படிச் செய்திருக்கிறாள்?

—அதுதான் கொஞ்சம் வயித்தெரிச்சல். தசமம், மீட்டர் கணக்கெல்லாம் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இப்பம் வந்த மீட்டரு, எனக்கே கெஜத்துலதான் ஓடுது. இவ தண்ணி குடிச்ச மாதிரி செஞ்சிருக்கா. வடிவக் கணக்கு ரெண்டு கேள்வியை மட்டும் தொடவே இல்ல. அவ படிச்ச பள்ளிக்கூடத்துல அதை நடத்தியிருக்கவே மாட்டான். காம்பஸ் பெட்டியைக் கண்ணால பாத்திருப்பாளோ என்னமோ.

—இதில் எந்த ஊர் என்று ஏதாவது தெரிகிறதா?

—நம்பரை மட்டுந்தான் பாக்கணும் டீச்சர். ஊரைப் பாக்கப்பிடாது. ஆனா பேப்பர்லயே எழுதி வச்சிருக்காளே, நான் என்ன செய்ய? "எங்கள் கடையநல்லூரில்"னு ஆரம்பிக்கு.

—கடையநல்லூரா? அப்படியானால் அந்தப் பெண்தான். இன்றைக்குக் காலையில் நேர்முகத்துக்குத் தாயாரோடு முதல் பஸ்ஸில் வந்து, கதவு திறக்கும் முன்பே வராந்தாவில் நின்றாளே. விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள் சார். அவள் தெருவில் பத்தொன்பது பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார்களாம். பெண் ஆசிரியை வந்தால் மேலே அனுப்புவோம் என்று வீட்டில் சொல்கிறார்களாம். அதனால் இந்த டீச்சர் ட்ரெயினிங்கில் தான் சேர வேண்டும் என்று. அந்த ஒரு பத்தியைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன்.

—நல்ல காரியந்தான். ஆனா அதுக்கு நான் பூனைக்கு மார்க்குப் போட முடியுமா?

—போட வேண்டாம். வாசிக்க மட்டும் செய்யுங்கள். வகை வகையாக எழுதியிருக்கிறாள் என்றீர்களே, வளவில் என்ன வகை இருக்கிறது?

—சரி, கேளுங்க. "வளவு பலவகைப்படும். முதலாவது, திறந்த வளவு. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சேராத சுவர் திறந்த வளவு எனப்படும். எங்கள் கடையநல்லூரில் பிச்சைமணி வீடு இதற்கு எடுத்துக்காட்டு. மூன்று பக்கம் சுவர் உண்டு, நாலாவது பக்கம் வாய்க்கால். அங்கே ஒருவர் உள்ளே இருக்கிறார், வெளியே இருக்கிறார் என்று சொல்ல இடமில்லை. ஏனென்றால் ஆடு எந்தச் சுவரையும் தாண்டாமல் எங்கும் போய்வரும்."

—மேலே வாசியுங்கள்.

—பூனை வாரதுக்கு முன்னால ஆடு. "இரண்டாவது, மூடிய வளவு. புறப்பட்ட இடத்திலேயே சுவர் வந்து முடியும். வாசல் கதவைச் சாத்திவிட்டால் உலகம் மூன்றாகும். உள்ளே, வெளியே, சுவர். சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் பூனை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை."

—சார்.

—இருங்க. "மூடிய வளவு வட்டமாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீளமாக இருக்கலாம், கோணலாக இருக்கலாம், பாம்பு போல நெளிந்தும் இருக்கலாம். சுவர் ஒன்றாக இருந்து, இடையில் தன்னைத் தொடாமல், தொடங்கிய இடத்தில் முடிந்தால் போதும்." ஆங்...

—ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

—ஒண்ணும் இல்ல. மொத வாசிப்புல பூனையைப் பாத்துச் சிரிச்சிட்டு மேலோட்டமாத்தான் பாத்தேன்.

—சார், இதில் சுவர் என்ற இடத்தில் கோடு என்று போட்டுப் பாருங்கள்.

—அதைத்தான் பாக்கேன்.

—"புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வராத கோடு." "உள்ளே, வெளியே, கோடு." இதைத்தானே நீங்கள் வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள்?

—இவ்வளவு தெளிவா சொன்னதில்ல. நான் வளையலைக் காட்டி மூடின வளைவும்பேன், வானவில்லைக் காட்டி திறந்த வளைவும்பேன். அது எங்கயோ ஒரு நோட்ஸ்ல ஏறி, இந்த முப்பத்தொன்பது பேரும் வளையல், வானவில், வளையல், வானவில்னே எழுதி வச்சிருக்காங்க. ஒருத்திகூட உள்ள வெளியங்கிற பேச்சை எடுக்கல்ல. எல்லாருக்கும் எட்டு எட்டு மார்க்கு போட்டிருக்கேன்.

—வானவில்லுக்கு எட்டு. பூனைக்குச் சைபர்.

—குத்திக் காட்டாதீங்க டீச்சர். இன்னும் கேளுங்க. "மூன்றாவது, தன்னைத்தானே வெட்டும் வளவு. எங்கள் கீழத்தெருவில் அண்ணன் தம்பிக்குச் சண்டை வந்தது. இரண்டு பக்கச் சுவரையும் இடுப்பைப் போல உள்ளே இழுத்து, நடுவில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி கட்டிவிட்டார்கள். இப்போது மேலிருந்து பார்த்தால் ஆங்கில எட்டு போல இருக்கும். சுவர் ஒன்றுதான். உள்ளே என்பது இரண்டு. கிணறு அண்ணனுக்குப் போய்விட்டது."

—கிணறு அண்ணனுக்கா! அது அநியாயம் சார்.

—அதை விடுங்க டீச்சர், கணக்கைப் பாருங்க! வெட்டுப்புள்ளி ஒண்ணு, உள்ளே ரெண்டு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லித்தர? கடேசிப் பத்திக்கு வாரேன். "சில வளவுகளின் சுவர் சந்து சந்தாகப் போய் மிகவும் நெளிந்திருக்கும். நடுவில் நிற்பவருக்குத் தாம் உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்றே தெரியாது. அப்போது ஏதாவது ஒரு திசையில் நேராக நடக்க வேண்டும். குறுக்கே வரும் சுவர்களை ஏறிக் குதித்து, இனிமேல் சுவரே இல்லாத வயல்வெளிக்கு வந்துவிட வேண்டும். குதித்த சுவர்களை எண்ண வேண்டும். ஒற்றைப்படையானால் உள்ளே இருந்தோம். இரட்டைப்படையானால் முதலிலேயே வெளியேதான் இருந்தோம்."

—இது உண்மையா சார்?

—தெரியல்ல.

—தெரியவில்லையா? நீங்கள் பி.ஏ. கணக்கு.

—பி.ஏ.ல இதைச் சொல்லல்ல டீச்சர். அந்தப் பென்சிலைத் தாங்க. பழைய பேப்பர் ஏதாவது இருக்கா? இந்தா, கோடு போடுதேன். நெளிச்சு, நெளிச்சு, இங்கன மடக்கி, அங்கன நுழைச்சு, எங்கயும் வெட்டாம, தலையோட வாலைச் சேத்தாச்சு.

—இதென்ன, குடலா?

—குடலுன்னே வச்சுக்கிடுங்க. கண்ணை மூடிக்கிட்டு எங்கயாவது விரலை வைங்க.

—வைத்துவிட்டேன்.

—முழிச்சுப் பாத்துச் சொல்லுங்க, உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?

—எனக்கு எப்படித் தெரியும்? நாலு பக்கமும் கோடாக இருக்கிறது.

—மேல் பக்கமா நேராப் போங்க. கோட்டை எண்ணுங்க.

—ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. காகிதத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். நான்கு, இரட்டைப்படை. அவள் கணக்குப்படி நான் வெளியே நின்றிருக்கிறேன்.

—இப்பம் நான் உங்க விரல் இருந்த இடத்துல பென்சிலை வச்சு, கோட்டை ஒரசாம சந்து வழியா நகத்துதேன். இங்கன திரும்பி... இது முட்டுச் சந்து, திரும்பி வாரேன்... இங்கன நுழைஞ்சு... இந்தா... இந்தா... வெளிய வந்துட்டேன்! கோட்டைத் தொடவே இல்ல டீச்சர்! வெளியதான் இருந்திருக்கீங்க!

—கிழக்குப் பக்கமாக எண்ணினால்?

—எண்ணுங்க.

—இரண்டு. அதுவும் இரட்டை! தெற்கே... ஆறு! சார், எந்தப் பக்கம் போனாலும் இரட்டைதான். இன்னோர் இடம். இங்கே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒற்றை. உள்ளே! அடிச்சுச் சொல்லுதேன், இது உள்ளதான் சார்!

—உள்ளதான். சந்து எல்லாம் முட்டுது. வெளிய வர வழியே இல்ல.

—ஒவ்வொரு சுவரையும் தாண்டும்போது உள்ளே வெளியாகும், வெளி உள்ளாகும். கடைசியில் வெளியே நிற்கிறோம் என்பது நமக்குத் தெரியும். அதனால் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால்... எவ்வளவு லேசு! ஏன் சார் இது உங்கள் புத்தகத்தில் இல்லை?

—என்னைக் கேட்டா? எழுதுனவன் எவனும் சுவரேறிக் குதிச்சிருக்க மாட்டான். டீச்சர், எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கு, பாருங்க. பதினெட்டு வருசத்துல ஒரு பேப்பர்கூட எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொன்னதில்ல. நம்ம தென்காசித் தாலுகாவுல இப்பிடி ஒரு மூளை கெடக்கு.

—அப்படியானால் பதினைந்து மார்க்கும் போடுங்கள்.

—போட முடியாது.

—என்ன?

—கோவப்படாதீங்க. நியாயத்தைப் பாருங்க. இந்தப் பிள்ளைக்கு இது வளைவுன்னு தெரியாது. வீட்டைப் பத்திக் கேக்காங்கன்னு நெனச்சு, வீட்டைப் பத்தி எழுதியிருக்கா. அது தற்செயலா வளைவுக்கும் பொருந்திப் போச்சு. கிளி சீட்டு எடுத்துக் குடுக்குங்கிறதுக்காக, கிளிக்குச் சோசியம் தெரியும்னு சொல்ல முடியுமா? தெரிஞ்சு எழுதுனாத்தான் கணக்கு. நாளைக்குத் திருநெல்வேலி ஆபீஸ்ல இந்தப் பேப்பரைப் பிரிச்சுப் பாத்து, "என்னவே, வீட்டைப் பத்தி எழுதுனவளுக்குப் பதினஞ்சா"ன்னு கேட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?

—ஆனால் அவள் தப்பாகக் கேட்டது மட்டும்தானே குற்றம்?

—மத்த முப்பத்தொன்பது பேரும் சரியாக் கேட்டிருக்காங்களே. ஒரே ஹாலு, ஒரே வாயி.

—வாய் என்றதும் என்னைப் பார்க்கிறீர்கள்.

—தப்பா நெனைக்காதீங்க. ஒரு சின்னச் சந்தேகம். நேத்து சொன்ன மாதிரியே இப்பம் மூணாம் கேள்வியை எனக்குச் சொல்லுங்க. நான் பரிச்சை எழுதுத பிள்ளை. காதுல விழுதபடி எழுதுவேன்.

—இது என்ன விளையாட்டு? சரி. எழுதுங்கள். மூன்றாம் கேள்வி. வளவுகளின் வகைகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தருக. மறுபடியும் சொல்கிறேன். வளவுகளின் வகைகளைக் கூறி.

—கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, நான் எழுதுனதை வாசிங்க.

—நான் இப்படிச் சொல்லவில்லை.

—இப்பிடித்தான் சொன்னீங்க.

—நான் ஐகாரம் போட்டுத்தான் சொன்னேன் சார். வளவு. வள... வளவு. இருங்கள். மெதுவாகச் சொல்கிறேன். வ, ளை, வு. சேர்த்துச் சொன்னால், வளவு. ஐயோ.

—எங்க வீட்டு மதினிமாருல்லாம் அப்பிடித்தான் சொல்லுவா. "அந்த வளவுல பஸ்ஸு திரும்புச்சு"ம்பா. நம்ம ஊரு நாக்கு அது.

—மூன்று வருஷம் முதல் பரிசு! நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, சொல் சொல்லாக... என் வாய்தானா அது? சார், இப்போது விளங்குகிறது. மற்றவர்கள் நோட்ஸை மனப்பாடம் செய்தவர்கள். நான் என்ன சொன்னாலும் அவர்கள் காதில் வளையல், வானவில்தான் விழும். இவளுக்குப் பாடம் நடத்தியவர் யாரும் இல்லை. அதனால் நான் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறாள். அந்த ஹாலில் என்னை ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

—அப்பிடியும் சொல்லலாம்.

—அப்படித்தான் சொல்ல வேண்டும். காகிதம் கொடுங்கள். நான் எழுதித் தருகிறேன்.

—என்னத்த எழுதப் போறீங்க?

—வாசித்துக்கொண்டே எழுதுகிறேன். "மூன்றாம் கேள்வியை வாசித்த நான், வளைவு என்னும் சொல்லை வளவு என்று உச்சரித்துவிட்டேன். அதனால் இருபத்தேழாம் எண் விண்ணப்பதாரர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு விடை எழுத நேர்ந்தது. பிழை என்னுடையது. அவருக்குக் கருணை மதிப்பெண் ஆறு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இருபத்தொன்பதும் ஆறும் முப்பத்தைந்து. சரிதானே?

—சரிதான். சட்டப்படி அதுக்கு வழி இருக்கு. ஆனா டீச்சர், யோசிச்சுக்கிடுங்க. இது ஆபீஸுக்குப் போகும். உங்க உச்சரிப்புன்னா அங்கன ஒரு பேரு இருக்கு. கொடியேத்தமா, கலெக்டர் விழாவா, எல்லாத்துக்கும் உங்களைத்தானே வாசிக்கக் கூப்பிடுதாங்க. இதைப் பாத்தா மேசைக்கு மேசை கொண்டுபோயி காட்டிச் சிரிப்பாங்க.

—சிரிக்கட்டும். அடுத்த கொடியேற்றத்துக்கு வேறு யாரையாவது கூப்பிடட்டும். இப்படி எழுதுகிற பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் மேடையில் ஏறி எந்த எழுத்தை வரிசையாக நடக்க விடுவேன்? கையெழுத்துப் போடுவதற்கு முன் அவளை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். நேர்முகத்துக்கு அவளை முதலில் கூப்பிடலாமா?

—கூப்பிடுங்க. எனக்கும் பாக்கணும்.

—பியூனை அனுப்புகிறேன். அய்யாத்துரை! இருபத்தேழாம் நம்பரை வரச் சொல்.

—வரலாமா டீச்சர்?

—வா அம்மா. உட்கார். உன் பெயர்?

—ஹாஜரா பீவி, டீச்சர். நின்னுக்கிடுதேன். உடுப்பு நனைஞ்சிருக்கு, நாற்காலி ஈரமாயிரும்.

—ஆகட்டும், உட்கார். உன்னோடு யார் வந்திருக்கிறார்கள்?

—எங்க உம்மா. ஆசியா. வராந்தாவுல இருக்காங்க. கூப்பிடணுமா டீச்சர்? நான் எதுவும் தப்பா எழுதிட்டேனா?

—தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல பிள்ளை, பயப்படாத. நான் கணக்கு சார். ஒரு கேள்வி கேக்கேன். இந்தச் சுவரேறிக் குதிச்சு எண்ணுத கணக்கு, ஒத்தப்படை ரெட்டப்படை, இதை உனக்கு யாரு சொன்னா?

—யாரும் சொல்லல்ல சார். கோழி.

—கோழியா?

—எங்க வீட்டுக் கோழி தப்பிச்சு ஓடுனா நான்தான் பிடிக்கப் போகணும். எங்க தெருவுல சுவருல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு கெடக்கும். நாலஞ்சு சுவரு குதிச்சாச்சுன்னா யாரு வளவுக்குள்ள நிக்கோம்னு தெரியாது. அடுத்த வீட்டு ஆம்பிளையங்க இருப்பாங்களோன்னு பயம் வேற. அப்பம் எண்ணிக்கிடுவேன். எண்ணி எண்ணித்தான் ஒத்தை ரெட்டைன்னு பிடிபட்டுது. சார், நான் சுவரேறிக் குதிச்சேன்னு எங்கயும் எழுதிராதீங்க. உம்மாவுக்கே தெரியாது.

—நான் எழுதமாட்டேன். நீதான் எழுதிட்டியே! ரெண்டு பக்கம்!

—அதுல "குதிக்க வேண்டும்"னுதானே சார் எழுதியிருக்கேன். நான் குதிச்சேன்னு எழுதல்ல.

—சிரிக்காதீர்கள் சார், பிள்ளை பயந்துவிடப் போகிறாள். அந்தப் பிச்சைமணி வீட்டு ஆட்டையும் பிடித்திருக்கிறாயா, ஹாஜரா?

—அதைப் பிடிக்கவே முடியாது டீச்சர். அங்கதான் உள்ளேன்னு ஒண்ணே இல்லையே.

—கேட்டீர்களா சார்!

—கேட்டேன், கேட்டேன்.

—ஹாஜரா, இப்போது நான் ஒன்று சொல்கிறேன். நேற்று மூன்றாம் கேள்வியில் ஒரு பிசகு நடந்துவிட்டது. பிசகு என்னுடையது, உன்னுடையது அல்ல. அதற்காக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நீ கவலைப்படாமல் போகலாம்.

—என்ன பிசகு டீச்சர்? அந்தக் காகிதத்துல என் நம்பர் தெரியுதே.

—தெரிந்தால் வாசித்துப் பார். மறைக்க ஒன்றுமில்லை.

—"...கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு..." டீச்சர், இதை அனுப்பப் போறீங்களா?

—ஆமாம். அனுப்பினால்தான் உனக்கு முப்பத்தைந்து வரும்.

—அனுப்பாதீங்க டீச்சர்.

—ஏன் அம்மா? இதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. குறைச்சல் எனக்குத்தான்.

—உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நீங்க தப்பாச் சொல்லவும் இல்ல, நான் தப்பாக் கேக்கவும் இல்ல.

—ஏ பிள்ளை, யோசிச்சுப் பேசு. இந்தக் காகிதம் இல்லேன்னா நீ இருபத்தொன்பதுல நிப்பே. உன் தெருவுல பத்தொம்பது பிள்ளைங்க இருக்குன்னு எழுதியிருக்கியாமே. அவங்களை நெனச்சுக்க.

—அவங்களை நெனச்சுத்தான் சார் சொல்லுதேன். நாளைக்கு அவங்க முன்னால போயி நிக்கும்போது, காது சரியாக் கேக்காம ஆறு மார்க்கு வாங்கி வந்த டீச்சர்னா நிக்க?

—அப்பம் நீ என்னதான் சொல்ல வாற?

—எங்க ஊருல வீடும் வளவுதான் சார், ரோடு திரும்புத இடமும் வளவுதான். கணக்குப் பரிச்சையில போயி யாரு வீட்டைப் பத்திக் கேப்பாங்க? டீச்சர் கேட்டது கோட்டு வளைவுன்னு எனக்கு அப்பமே தெரியும். எனக்குப் படம் போட்டுச் சொல்லித்தர ஆளில்ல, அதனால தெரிஞ்ச சுவரை வச்சு வளைவைத்தான் எழுதுனேன். கருணை வேண்டாம் சார், எழுதுனதைத் திருத்தி மார்க்குப் போடுங்க.